பயறு வண்டின் உடலும் அது வாழும் விதைகளும்

கேள்வி இரண்டு பகுதியாக இருந்தது. பயறு வண்டின் உடலமைப்பு என்ன, மற்ற விதை வண்டுகளிலிருந்து அதை எப்படிப் பிரித்தறிவது என்பது ஒன்று. அது எந்தெந்தச் செடிகளில் வாழும், ஏன் ஒரு நூலில் ஐந்தாறு செடிகளும் இன்னொன்றில் இருபது முப்பது செடிகளும் சொல்லப்படுகின்றன என்பது இன்னொன்று. இரண்டாவதற்கான விடை முதலாவதில்தான் ஒளிந்திருக்கிறது. தாய் வண்டு எங்கே முட்டை வைக்கிறது என்பதை அதன் காலும் உணர்கொம்பும் தீர்மானிக்கின்றன. அந்த முட்டையிலிருந்து ஒரு வண்டு வெளியே வருமா என்பதைப் புழுவின் குடல் தீர்மானிக்கிறது. பட்டியல்கள் இந்த இரண்டையும் கலந்துவிடுவதால்தான் குழப்பம். அதனால் உடலைப் பார்த்துவிட்டுச் செடிகளுக்கு வருகிறேன்.

முதலில் எந்த வண்டு என்று உறுதி செய்துகொள்வோம். பயறு வண்டு என்ற பொதுப்பெயரில் பல இனங்கள் வருகின்றன. கல்லோசோபுருக்கஸ் என்ற பேரினத்தில் மட்டும் ஏறத்தாழ இருபது இனங்கள் உண்டு. சேமித்த பயறுகளோடு உலகம் முழுக்கப் பயணம் செய்தவற்றில் முக்கியமானவை மாக்குலேட்டஸ், சைனென்சிஸ் என்ற இரண்டு. நான் விரிவாகச் சொல்லப்போவது கல்லோசோபுருக்கஸ் மாக்குலேட்டஸ் பற்றி. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபப்ரீசியஸ் 1775ல் விவரித்த இனம் இது. ஆய்வுக்கூடங்களில் மிக அதிகமாக வளர்க்கப்பட்ட விதை வண்டும் இதுதான். ஒரு டப்பா, ஒரு பிடி பயறு, கொஞ்சம் வெப்பம் போதும், தலைமுறை தலைமுறையாகப் பெருகிக்கொண்டே இருக்கும். அதனால் இதைப் பற்றித் தெரிந்தது மிக அதிகம்.

இதன் உறவினர் சைனென்சிஸுக்கு 1758ல் லின்னேயஸ் பெயர் வைத்தபோது அதைக் கூன்வண்டுகளோடு சேர்த்துவிட்டார். அந்தக் குழப்பம் இன்றும் தீரவில்லை. கூன்வண்டுக்கு முகம் நீண்டு குழாய்போல் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். விதை வண்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. முகம் குட்டையானது, தலை கீழ்நோக்கி மடிந்திருக்கும். இது இலைவண்டுகளின் பெரிய குடும்பமான கிரைசோமெலிடேயைச் சேர்ந்தது. அதில் விதைக்குள் வாழப் பழகிய கிளைதான் புருக்கினே துணைக்குடும்பம், சுமார் 1,700 இனங்கள் கொண்டது. பழைய நூல்களில் புருக்கிடே என்று தனிக் குடும்பமாகவே இருக்கும். இரண்டும் ஒரே கூட்டம்தான், வகைப்பாடு மட்டும் மாறியிருக்கிறது.

வளர்ந்த வண்டின் நீளம் 2.5 முதல் 3.5 மில்லிமீட்டர். செம்பழுப்பு நிறம், மேலே குட்டையான வெளிர் மயிர்கள். தலையில் முதலில் கவனிக்க வேண்டியது கண். அது முழு வட்டமாக இருக்காது, முன்பக்கத்தில் ஆழமாக வெட்டுப்பட்டுப் பிறைபோல் வளைந்திருக்கும். அந்த வெட்டுக்குள்ளிருந்துதான் உணர்கொம்பு கிளம்புகிறது. உணர்கொம்பில் 11 கணுக்கள். மாக்குலேட்டஸில் ஆண், பெண் இரண்டுக்கும் கணுக்கள் லேசான ரம்பப் பல் வடிவில் இருக்கும். சைனென்சிஸ் ஆணுக்கு அவை சீப்புப் பற்கள்போல் நீண்டிருக்கும். கைலென்ஸ் வைத்துப் பார்த்தாலே இந்த வேறுபாடு தெரியும் என்பதால் இரண்டையும் பிரிக்க நான் முதலில் பார்ப்பது ஆணின் உணர்கொம்பைத்தான். ஆணுக்கு அது வெறும் தொடுபுலன் இல்லை. பெண் வெளியிடும் கொழுப்பு அமில வகைப் பாலின மணத்தை அது மோப்பம் பிடிக்க வேண்டும்.

முன்மார்பு முன்னால் குறுகிப் பின்னால் அகன்று கூம்பு வடிவில் இருக்கும். அதன் பின்விளிம்பின் நடுவில் இரண்டு வெண்ணிறத் திட்டுகள். அதற்குப் பின்னால் கெட்டியான மேல்சிறகுகள், அவற்றின் மேல் கருந்திட்டுகள். இந்தத் திட்டுகளை நம்பி இனத்தை முடிவு செய்வது ஆபத்து. ஒரே தாயின் பிள்ளைகளிலேயே நிறம் வெகுவாக மாறும், ஏன் என்று கீழே சொல்கிறேன். குட்டைச் சட்டை போட்டவரின் வயிறு தெரிவதுபோல மேல்சிறகுகள் முடிந்த இடத்துக்குக் கீழே வயிற்றின் கடைசித் தகடு வெளியே தெரியும். இது விதை வண்டுகள் எல்லாவற்றுக்குமே பொதுவான அடையாளம். மாக்குலேட்டஸில் இதை வைத்துப் பாலினமும் சொல்லலாம். பெண்ணின் கடைசித் தகடு இரண்டு பக்கமும் கறுத்து, நடுவில் ஒரு வெளிர்க்கோடு ஓடும். ஆணுக்கு அது மங்கிய ஒரே பழுப்பு. பெண் பொதுவாகக் கொஞ்சம் பெரியது, மேல்சிறகின் திட்டுகளும் அதற்கு அடர்த்தி.

கால்களில் வேலை இருக்கிறது. எண்ணும்போது பாதத்தில் நான்கு கணுக்கள்தான் தெரியும். உண்மையில் ஐந்து உண்டு, நான்காவது மிகச் சிறியதாகி மூன்றாவதின் இரட்டை மடலுக்குள் மறைந்துவிட்டது. இலைவண்டுக் குடும்பம் முழுக்க இப்படித்தான். இனம் கண்டுபிடிக்கப் பார்க்க வேண்டியது பின்னங்காலின் தொடை. அதன் அடிவிளிம்பில் நெடுக இரண்டு வரம்புகள் ஓடும், ஒவ்வொரு வரம்பின் நுனிப்பக்கத்திலும் ஒரு பல். உள்பல், வெளிப்பல் என்று வைத்துக்கொள்வோம். மாக்குலேட்டஸில் இரண்டும் கிட்டத்தட்டச் சம அளவில், முக்கோணமாக இருக்கும். சைனென்சிஸில் உள்பல் ஒடுங்கி, நுனி மழுங்கியிருக்கும். அனாலிஸ் என்ற மூன்றாவது இனத்தில் உள்பல் மிகச் சிறியது. வண்டைக் கவிழ்த்து, பின்னங்காலை ஊசியால் விலக்கி, 20 மடங்கு பெருக்கத்தில் உள்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். நிறத்தை வைத்து அரைமணி நேரம் வாதாடுவதைவிட இது எளிது.

இதே தொடை மற்றப் பேரினங்களையும் காட்டிக்கொடுக்கும். பீன்ஸ் விதைகளைத் தாக்கும் அகாந்தோசெலிடெஸ் ஒப்டெக்டஸுக்கு ஒரு பெரிய பல்லும் அதன் பின்னால் இரண்டு மூன்று சிறு பற்களும் உண்டு. புளியங்கொட்டையையும் நிலக்கடலையையும் தாக்கும் காரியெடான் செராட்டஸுக்குத் தொடை மிகப் பருத்து, அடியில் சீப்புபோல் ஒரு வரிசைப் பற்கள் இருக்கும். சப்ரோட்டெஸ் சப்ஃபாசியாட்டஸ் என்ற இன்னொரு பீன்ஸ் வண்டுக்குப் பின்கெண்டைக்காலின் முனையில் அசையக்கூடிய இரண்டு முட்கள் உண்டு.

உள்ளுறுப்புகளில் அதிகம் ஆராயப்பட்டது ஆணின் கலவி உறுப்பு. அதன் நுனியில் கூர்மையான முட்கள் உள்ளன. கலவியின்போது அவை பெண்ணின் இனப்பெருக்கப் பாதையின் சுவரைக் குத்திக் காயப்படுத்துகின்றன, அந்தத் தழும்புகளை நுண்ணோக்கியில் பார்க்கலாம். பெண் கலவியின் பிற்பாதியில் பின்னங்கால்களால் ஆணை உதைப்பதும் இதனால்தான். உதைக்க முடியாமல் செய்த பெண் வண்டுகளுக்குக் கலவி நீண்டது, காயமும் கூடியது என்று 2000ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. 2009ல் வந்த இன்னொரு ஆய்வில் நீளமான முட்கள் கொண்ட ஆண்கள் அதிக முட்டைகளைக் கருவுறச் செய்வது தெரிந்தது. பெண்ணுக்குத் தீங்கு செய்யும் ஓர் உறுப்பு ஏன் நிலைத்திருக்கிறது என்பதற்கு அது ஒரு விடை. அதே சமயம் ஆண் கொடுக்கும் விந்துத் திரவம் அதன் உடல் எடையில் 5 முதல் 10 விழுக்காடு வரை இருக்கும். தண்ணீரே கிடைக்காத காய்ந்த பயறுக் குவியலில் வாழும் பெண்ணுக்கு அந்த ஈரமும் ஒரு வரவுதான்.

வளர்ந்த வண்டு சாப்பிட்டே ஆக வேண்டும் என்பதில்லை. வாயுறுப்புகள் முழுமையாக இருக்கின்றன, சர்க்கரை நீரோ தேனோ கிடைத்தால் குடித்துச் சில நாட்கள் கூடுதலாக வாழும். ஆனால் எதுவுமே இல்லாமலும் புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பை வைத்து இரண்டு வாரம் போல ஓட்டி, ஒரு பெண் நூறு முட்டை வரை இட்டுவிடும். ஆக, வண்டு பயறைத் தின்பதில்லை. தின்பது முழுக்கப் புழு.

நிறம் பற்றிச் சொல்கிறேன் என்றேன். இந்த இனத்தில் வளர்ந்த வண்டு இரண்டு வடிவங்களில் வரும். ஒன்று பறக்காத வடிவம், சேமிப்பில் நாம் வழக்கமாகப் பார்ப்பது. பிறந்தவுடன் இனப்பெருக்கத்துக்குத் தயார், முட்டை அதிகம், ஆயுள் குறைவு. இன்னொன்று பறக்கும் வடிவம். நிறமும் திட்டுகளும் வேறு மாதிரி இருக்கும், உடலில் கொழுப்பு அதிகம், முதிர்ச்சி தாமதம், முட்டை குறைவு, ஆயுள் நீளம். ஒரே விதைக்குள்ளும் குவியலுக்குள்ளும் புழுக்கள் நெருக்கியடிக்கும்போது, வெப்பம் ஏறும்போது, அடுத்த தலைமுறையில் பறக்கும் வடிவம் கூடும். பயறு தீரப்போகிறது, வயலைத் தேடிப் போக வேண்டும் என்பதற்கான தயாரிப்பு இது. 1950களில் ஜப்பானில் உடிடா இதை விரிவாக ஆராய்ந்தார். அதற்கு முன்பு சிலர் இந்த இரண்டையும் இரண்டு இனங்கள் என்றே எண்ணியிருக்கிறார்கள், பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சரி, முட்டைக்கு வருவோம். அரை மில்லிமீட்டரை விடச் சற்று நீளம், முட்டை வடிவம், அடிப்பக்கம் தட்டை. பெண் அதை ஒரு பசையால் விதையின் மேல் ஒட்டிவிடும். நகத்தால் சுரண்டினாலும் எளிதில் வராது. புதிதாக இட்டபோது கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும், ஐந்தாறு நாளில் வெள்ளையாகும். வெள்ளை முட்டையைப் பார்த்து இனிமேல்தான் பொரிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பொரித்து முடிந்த முட்டை. புழு முட்டையின் அடிப்பக்கத்தைத் துளைத்து நேரே விதைக்குள் போய்விட்டது, போகும்போது குடைந்து தள்ளிய தூள்தான் முட்டை ஓட்டுக்குள் நிரம்பி வெள்ளையாகத் தெரிகிறது. விதைத்தோலைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் குண்டூசி முனை அளவில் ஒரு துளை இருக்கும்.

முட்டையின் ஒரு முனையில் புனல் வடிவத்தில் ஒரு சிறு குழாய் அமைப்பு உண்டு. உள்ளே வளரும் கருவுக்குக் காற்றுப் போய்வருவது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். பயறில் எண்ணெய் தடவி வைத்தால் முட்டைகள் செத்துப்போவது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். எண்ணெயில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்பதைவிட, இந்தக் குழாய் அடைபட்டு மூச்சு நின்றுபோகிறது என்ற விளக்கமே 1990களில் முட்டையின் அமைப்பை ஆராய்ந்தபிறகு வலுப்பெற்றது. முட்டையிட்டுப் பத்து நாள் கழித்து எண்ணெய் தடவுவது பெரிதாக உதவாது என்பதும் இதிலிருந்தே புரியும். அதற்குள் புழு உள்ளே போயிருக்கும்.

முட்டையிலிருந்து வரும் முதல் பருவப் புழு பின்னால் வரும் பருவங்களைப்போல் இருக்காது. அதன் முன்மார்பின் முதுகில் பற்கள் கொண்ட ஒரு கெட்டித் தகடு உண்டு. விதைத்தோலைத் துளைக்கும்போது தாடைக்கு எதிர்ப்பிடி கொடுப்பது அது. ஒருமுறை உள்ளே போனபின் அதற்கு வேலை இல்லை, முதல் தோலுரிப்போடு போய்விடும். அடுத்த மூன்று பருவங்களிலும் கால்கள் சிறுத்துப்போன, வளைந்த, பருத்த, பால்நிறப் புழுதான். அது நடக்க வேண்டியதில்லை, தேட வேண்டியதில்லை. சுற்றிலும் பருப்பு. உரித்த தோல்களும் கழிவும் அதே அறைக்குள் கிடக்கும்.

கடைசிப் பருவப் புழு கூட்டுப்புழுவாகுமுன் ஒரு காரியம் செய்கிறது. விதைத்தோலின் உள்பக்கம் வரை குடைந்துவந்து, தோலை மட்டும் மெல்லிய வட்டமாக விட்டுவைக்கும். வெளியே இருந்து பார்த்தால் பயறின் மேல் மங்கிய வட்டம் ஒன்று தெரியும். பயறுக்குள் புழு இருக்கிறதா என்று உடைக்காமல் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல அடையாளம் இல்லை. வண்டு ஓரிரு நாள் உள்ளேயே இருந்து உடல் கெட்டிப்பட்டதும் அந்த வட்டத்தை மூடிபோல் தள்ளிக்கொண்டு வரும். முட்டை முதல் வண்டு வரை 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஏற்ற ஈரப்பதத்தில், தட்டைப்பயறில் மூன்று முதல் நான்கு வாரம்.

இப்போது குடல். பெரும்பாலான பூச்சிகள் புரதத்தைச் செரிக்க டிரிப்சின் வகை நொதிகளை நம்பியிருக்கின்றன. பருப்பு விதைகளும் அதைத் தடுக்கும் பொருள்களைத் தயாரித்து வைத்திருக்கின்றன. மாக்குலேட்டஸ் புழுவின் நடுக்குடல் லேசான அமிலத்தன்மை கொண்டது. அங்கே புரதத்தைச் செரிப்பது முக்கியமாக சிஸ்டீன் புரோட்டியேஸ் என்ற வேறு வகை நொதி. அதனால் விதையின் டிரிப்சின் தடுப்பான்கள் பெரிதாக எடுபடுவதில்லை. மாவுச்சத்தைச் செரிப்பது அமைலேஸ். உணவில் ஒரு நொதிக்கான தடுப்பானைச் சேர்த்தால் அந்தத் தடுப்பானுக்கு அகப்படாத இன்னொரு நொதியைக் கூடுதலாகச் சுரக்கவும் இந்தப் புழுவால் முடியும். தண்ணீரையும் அது உணவை எரித்தே உடலுக்குள் உண்டாக்கிக்கொள்கிறது. காற்றுப் புகாத பைகளில் பயறைக் கட்டி வைத்தால் ஆக்சிஜன் குறைந்து, இந்த நீர் உற்பத்தி நின்று, புழு வறண்டு சாவது அதனால்தான்.

இனி செடிகள். சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியவை விக்னா பேரினத்தின் பயறுகள். தட்டைப்பயறு என்கிற காராமணிதான் இதன் முதன்மையான உணவு. இந்த வண்டின் பூர்வீகம் ஆப்பிரிக்கா என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், காராமணி பயிரானதும் அங்கேதான். அப்புறம் பச்சைப்பயறு, உளுந்து, அசுக்கிப் பயறு, மண்ணுக்குள் காய்க்கும் பாம்பரா நிலக்கடலை, எல்லாம் விக்னா இனங்கள். பேரினத்துக்கு வெளியே கொண்டைக்கடலையிலும் துவரையிலும் நன்றாக வளரும். பட்டாணியிலும் மைசூர்ப் பருப்பிலும் வளரக்கூடும், ஆனால் எந்த ஊர் வண்டு என்பதைப் பொறுத்தது. சோயாவில் திணறும். ராஜ்மா வகை பீன்ஸில் வளராது.

ராஜ்மாவில் வளராது என்றாலும் முட்டையிடும். இதுதான் நான் முதலில் சொன்ன குழப்பத்தின் வேர். பெண் வண்டு விதையின் பரப்பு வழவழப்பாக இருக்கிறதா, வளைவு எப்படி, ஏற்கெனவே எத்தனை முட்டை இருக்கிறது என்பதையெல்லாம் கவனிக்கிறது. முட்டை குறைவான விதையைத் தேர்ந்தெடுப்பதில் அது கெட்டி, ஒரு குவியலில் முட்டைகள் தற்செயலாக விழுவதைவிடச் சீராகப் பரவியிருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் நஞ்சை முன்கூட்டியே அறிவதில் அது அவ்வளவு கெட்டி இல்லை. ராஜ்மாவின் மேல் முட்டைகளைப் பார்த்து யாராவது அதையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள், அடுத்தவர் அதைப் படியெடுக்கிறார். உள்ளே போன புழு முதல் பருவத்திலேயே செத்திருக்கும், அதை யாரும் உடைத்துப் பார்ப்பதில்லை.

ராஜ்மாவில் புழு சாவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று அமைலேஸைத் தடுக்கும் ஒரு புரதம். புழு தின்கிறது, மாவுச்சத்து செரிப்பதில்லை. இந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பட்டாணிக்குள் செலுத்திச் செய்த சோதனை 1994ல் வெளியானது. வழக்கமாக வண்டு வளரக்கூடிய பட்டாணி, அந்த ஒரே மாற்றத்தால் எதிர்ப்புத் திறன் பெற்றது. ஒரு செடி பட்டியலில் இருப்பதும் இல்லாததும் ஒரே ஒரு புரதத்தில் தொங்கிக்கொண்டிருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. பீன்ஸுக்கே உரிய சப்ரோட்டெஸ் வண்டு அந்தத் தடுப்பானைத் தன் குடல் நொதியால் வெட்டிச் செயலிழக்க வைக்கிறது. அதற்கும் பதிலாக மெக்சிகோவின் சில காட்டு பீன்ஸ்களில் ஆர்செலின் என்ற இன்னொரு புரதம் இருக்கிறது, அதை சப்ரோட்டெஸால் சமாளிக்க முடிவதில்லை.

காராமணிக்குள்ளேயே விதிவிலக்கு உண்டு. நைஜீரியாவின் இபாதானில் உள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்தின் விதைச் சேகரிப்பில் டிவியு 2027 என்ற காராமணி வகை இந்த வண்டைத் தாங்கியது. முதலில் அதற்குக் காரணம் டிரிப்சின் தடுப்பான் அதிகமாக இருப்பது என்றார்கள். மேலே சொன்ன குடல் விவரத்தோடு அந்த விளக்கம் ஒத்துப்போகவில்லை. பின்னர் அதன் விதைச் சேமிப்புப் புரதமான விசிலின் சற்று மாறிய வடிவில் இருப்பதும், அது புழுவின் குடலில் உள்ள கைட்டின் (பூச்சிகளின் மேலோட்டிலும் இருக்கும் கெட்டிப்பொருள்) மீது ஒட்டிக்கொள்வதும் தெரியவந்தது. எனவே காராமணி என்ற சொல்லை மட்டும் எழுதுவதுகூட முழு விடை இல்லை, வகையையும் குறிக்க வேண்டும்.

வண்டுப் பக்கமும் இதேபோல் ஒன்றுக்கொன்று மாறுபடுகிறது. 1979ல் திருநெல்வேலியில் பச்சைப்பயறு, உளுந்துக் காய்களிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு கூட்டம் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் பச்சைப்பயறிலேயே நூற்றுக்கணக்கான தலைமுறைகள் வளர்க்கப்பட்டது. அதை மைசூர்ப் பருப்புக்கு மாற்றியபோது நூறு புழுவுக்கு ஒன்றிரண்டுதான் வண்டானது. எல்லா முயற்சியும் பலிக்கவில்லை, சில கூட்டங்கள் அழிந்தேபோயின. தாக்குப்பிடித்த ஒரு கூட்டத்தில் இருபது தலைமுறைக்குள் பிழைக்கும் விகிதம் 80 விழுக்காட்டைத் தாண்டியது. வளரும் காலமும் குறைந்தது. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெசினாவும் உடன் ஆய்வாளர்களும் 2009ல் வெளியிட்டது இது. அப்படியானால் மைசூர்ப் பருப்பு இந்த வண்டின் உணவுச் செடியா? அந்தச் சோதனையின் முதல் தலைமுறையில் கேட்டால் இல்லை என்பதே விடை, இருபதாவதில் கேட்டால் ஆம்.

அதே தென்னிந்தியக் கூட்டத்தில் இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. ஒரே விதைக்குள் இரண்டு மூன்று புழுக்கள் போனால் பெரும்பாலும் ஒன்றுதான் வண்டாகி வரும். மற்றப் புழுக்கள், மெல்லும் அதிர்வை உணர்ந்து, மேற்கொண்டு குடையாமல் தயங்கிப் பின்தங்கிவிடுகின்றன. காராமணியில் பழகிய வேறு ஊர்க் கூட்டங்களிலோ ஒரு விதையிலிருந்து பல வண்டுகள் வரும். பச்சைப்பயறு சிறியது, இருவர் பங்கிட்டால் இருவருக்கும் போதாது. காராமணி பெரியது, பங்கிடலாம். செடி வண்டின் குணத்தையும் செதுக்கியிருக்கிறது.

கொஞ்சம் விலகி ஒரு விஷயம். விதை வண்டுகளில் பெரும்பான்மை, ஐந்தில் நான்குக்கும் மேல், அவரைக் குடும்பச் செடிகளையே நம்பியிருக்கின்றன. பல இனங்களுக்கு ஒன்றிரண்டு செடிகள்தான். இந்த ஒட்டுதல் எந்த எல்லை வரை போகும் என்பதற்கு மத்திய அமெரிக்காவின் காரியெடெஸ் பிரசிலியென்சிஸ் நல்ல எடுத்துக்காட்டு. அது தின்னும் டயோக்ளியா மெகாகார்ப்பா விதையில் கேனவனைன் என்ற நச்சு அமினோ அமிலம் மிக அதிக அளவில் இருக்கும். மற்றப் பூச்சிகளின் உடல் அதை இயல்பான அமினோ அமிலமான ஆர்ஜினைன் என்று எண்ணித் தவறான புரதங்களைக் கட்டிச் சாகும். இந்த வண்டின் நொதி இரண்டையும் பிரித்தறிகிறது. அது மட்டுமில்லாமல் அந்த நஞ்சையே உடைத்து அதிலுள்ள நைட்ரஜனைத் தனக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. கோஸ்டாரிக்காவில் சூழலியலாளர் டேனியல் ஜான்செனும், ஆய்வுக்கூடத்தில் உயிர்வேதியியலாளர் ரோசென்தாலும் 1970களில் கண்டது இது. மாக்குலேட்டஸ் இந்த அளவுக்கு ஒரே செடியில் சிக்கிக்கொள்ளாததால்தான் மனிதரோடு உலகம் சுற்ற முடிந்தது.

வயலில் எங்கே தொடங்குகிறது என்பதும் செடிக் கேள்வியில் அடக்கம். முற்றும் நிலையில் உள்ள காய்களின் மேல் பெண் முட்டையிடும், புழு காயின் தோலையும் துளைத்து விதைக்குள் போக வேண்டும். அங்கே தாக்குதல் மிகக் குறைவாகவே இருக்கும், கண்ணுக்கே படாது. அறுவடையோடு சேமிப்புக்கு வந்தபின் நேரடியாக விதையின் மேல் முட்டையிட முடிவதால், மாதம் ஒரு தலைமுறை என்று பெருகுகிறது. எல்லா விதை வண்டும் இப்படி இல்லை. பட்டாணி வண்டான புருக்கஸ் பிசோரம் பச்சைக் காயில் மட்டுமே முட்டையிடும், ஆண்டுக்கு ஒரே தலைமுறை, காய்ந்த பட்டாணியில் பெருகாது. அகாந்தோசெலிடெஸ் முட்டையை ஒட்டாமல் விதைகளுக்கிடையே உதிரியாக விட்டுவிடும். காரியெடான் புழு நிலக்கடலையிலிருந்து வெளியே வந்து காகிதம்போன்ற கூடு கட்டிக் கூட்டுப்புழுவாகும். ஆக, வண்டையே பார்க்காமல் முட்டை ஒட்டியிருக்கிறதா, கூடு வெளியே கிடக்கிறதா என்பதை வைத்தே பாதி விடை சொல்லிவிடலாம்.

ஒரு செடி இந்த வண்டின் உணவுச் செடிதானா என்று நீங்களே சோதிக்க விரும்பினால், சந்தேகத்துக்குரிய விதைகளைக் கழுவாமல், பூச்சிமருந்து படாத தொகுப்பிலிருந்து எடுத்து, ஒரு சோடி வண்டுகளோடு இரண்டு நாள் மூடி வையுங்கள். பிறகு வண்டுகளை எடுத்துவிட்டு, ஒரு விதைக்கு ஒரு முட்டை மட்டும் இருக்கும்படி மற்றவற்றை ஊசியால் நசுக்கிவிடுங்கள். பக்கத்தில் அதே வண்டுகளின் சகோதரங்களைக் காராமணியில் ஒப்பீட்டுக்கு வையுங்கள். பத்து நாள் கழித்து வெள்ளையான முட்டைகளை எண்ணுங்கள், அது உள்ளே போன புழுக்களின் கணக்கு. மைசூர்ப் பருப்பு மாதிரி கடினமான விதைகளில் வளர்ச்சி தாமதமாகும் என்பதால் எட்டு வாரமாவது பொறுத்திருங்கள். வெளியே வந்த வண்டுகளின் எண்ணிக்கையை வெள்ளை முட்டைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் அந்தச் செடிக்கான உண்மையான மதிப்பெண். வண்டு எதுவும் வராத விதைகளையும் எறிந்துவிடாமல் பிளந்து பாருங்கள். புழு எந்தப் பருவத்தில் நின்றது என்பது தெரிந்தால், தடையாக இருந்தது விதைத்தோலா பருப்பா என்பதும் தெரிந்துவிடும்.